பழைய டிராக்டரில் தீப்பொறி வரவில்லையா? முதலில் பாயிண்டைப் பாருங்கள்

பல மாதம் கொட்டகையில் நின்ற பழைய பெட்ரோல் டிராக்டர் கிளம்ப மறுத்தால், பலர் முதல் வேலையாகப் புதுக் காயில் (தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச்சுருள்) வாங்கி மாட்டுகிறார்கள். பெரும்பாலும் காயில் நன்றாகத்தான் இருக்கும். பாயிண்டின், அதாவது காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் சின்னச் சுவிட்சின், முகத்தில் படிந்த மெல்லிய ஆக்சைடு படலமே வண்டியை நிறுத்தியிருக்கும்.

காயிலுக்குள் தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் மின்சாரம் தடித்த சுற்றில் ஓடிக் காந்தப்புலத்தை உருவாக்குகிறது. எஞ்சினோடு சுழலும் மேடுள்ள தண்டான கேம் பாயிண்டைத் திறந்ததும் ஓட்டம் அறுந்து காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ, மெல்லிய சுற்றில் அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் பிறக்கும். பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டிவிடும். பிளக்கில் தாவுவது இதுதான். ஆனால் இத்தனைக்கும் மூலம் வெறும் 6 வோல்ட். படலத்தைத் துளைத்துக்கொண்டு போக அந்த 6 வோல்ட்டுக்குத் தெம்பு போதாது.

சோதனைக்கு முன் கியரை நியூட்ரலில் வையுங்கள். பெட்ரோல் கசிவு இருந்தால் முதலில் அதைத் துடைத்துக் காயவிடுங்கள். ஹேண்டில் போட்டுச் சுற்றுவதானால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவிப் போகும், விரல் தப்பும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துத் தரும் பாகம்) போகும் நடு ஒயரைக் காப்புள்ள இடுக்கியால் பிடித்து, எஞ்சின் உடம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி நிறுத்திச் சுற்றச் சொல்லுங்கள். நீலநிறத்தில் சொடுக்கென்று தாவினால் காயில், பாயிண்ட், கண்டன்சர் (பாயிண்டோடு இணைந்த சின்ன மின்தேக்கி) மூன்றும் சரி. மஞ்சளாக நூல்போல் வந்தாலோ, வரவே இல்லையென்றாலோ குறை பெரும்பாலும் பேட்டரிப் பக்கச் சுற்றில்தான்.

அங்கே ஒரு சின்ன டெஸ்ட் லேம்ப் போதும். அதன் ஒரு முனையை, பாயிண்டுக்கு ஒயர் போகும் காயில் முனையில் வையுங்கள். மறுமுனையை எஞ்சின் உடம்பில். சாவியைப் போட்டு எஞ்சினைச் சுற்றும்போது விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. அணையாமல் எரிந்தால் பாயிண்ட் மூடினாலும் மின்சாரம் கடக்கவில்லை: படலம், எண்ணெய், அல்லது உள்ளே அறுந்த ஒயர். எரியவே இல்லையென்றால் காயிலின் மறுமுனையைத் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் இருட்டென்றால் சாவி, ஒயர், பேட்டரி முனைகளைத் தேடுங்கள். அங்கே எரிந்தால் காயிலின் தடித்த சுற்று அறுந்திருக்கிறது, பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது ஒயரோ கண்டன்சரோ உடம்போடு ஷார்ட் ஆகியிருக்கிறது.

பாயிண்டை நைசான அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, பிறகு சுத்தமான கெட்டித்தாளை இடையில் வைத்து மூடி உருவுங்கள். தாள் கறையில்லாமல் வரும்வரை விடாதீர்கள். அரத்தூள் ஒரு துகள் நின்றாலும் திரும்ப அதே கதை. அடுத்தது இடைவெளி. கேமின் உச்சியில் பாயிண்ட் முழுக்கத் திறந்திருக்கும்போதுதான் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைக்க வேண்டும். ஃபோர்டு 8என் டிராக்டரில், டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருக்கும் மாடலுக்கு 0.015 அங்குலம், பக்கவாட்டில் இருக்கும் மாடலுக்கு 0.025. ஒன்றின் அளவை மற்றதற்கு வைத்தால் டைமிங், அதாவது பொறி தாவும் நேரம், கெடும். முன்பக்க மாடலில் இரண்டு போல்ட்டைக் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டரை மேசையில் வைத்தே அளக்கலாம். அதன் அடியில் எஞ்சினோடு பொருந்தும் நாக்கு மையம் விலகியிருப்பதால் திரும்ப ஒரே வாக்கில்தான் பொருந்தும். கேமில் துளி கிரீஸ் தடவ மறக்காதீர்கள். காய்ந்த கேம், தன்மேல் உரசும் பாயிண்டின் கட்டையைத் தேய்த்து இடைவெளியைக் குறுக்கும், தீப்பொறி தாமதமாகும்.

கண்டன்சர், பாயிண்ட் திறக்கும் நொடியில் இடையே தாவப் பார்க்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறது. அது உள்ளே அறுந்துபோனால் பாயிண்டில் பெரிய பொறி பறக்கும், முகம் கருகும், பிளக்கில் பொறி சோரும். சந்தேகம் வந்தால் நல்லது ஒன்றை மாற்றிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

அரைமணி ஓடி நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டிதான் ஆளை அலைக்கழிக்கும். சூட்டில் காயிலின் உள்சுற்று விட்டுப்போகலாம். ஆனால் பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்தாலும் இதே குறிதான் காட்டும். ஆகவே நின்ற மறுநிமிடமே, ஆறுவதற்குள், தீப்பொறியைப் பாருங்கள். சாவியைப் போட்டபடி வண்டியை நிறுத்தி வைப்பதும் காயிலைக் கொல்லும். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

நடு ஒயரில் பொறி பலமாக இருந்தும் பிளக்கில் இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் ஈரம், முடிபோன்ற கரிக்கோடு, விரிசல் உண்டா என்று பாருங்கள். கார்புரேட்டர் வழியே வெடித்தால் பிளக் ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம். 8என் டிராக்டரில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-2-4-3. ஃபார்மால் எச் டிராக்டரில் 1-3-4-2.

மேக்னட்டோ உள்ள வண்டியில் பேட்டரி தேவையில்லை; சுழலும் காந்தமே மின்சாரம் தருகிறது. முதலில், எஞ்சினை நிறுத்துவதற்கான ஒயரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அதன் உறை உரிந்து உடம்பில் பட்டால் மேக்னட்டோ முழுக்க ஊமையாகிவிடும். பிறகு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றிக் காதுகொடுங்கள். இம்பல்ஸ் கப்ளிங் (மேக்னட்டோவை எஞ்சினோடு இணைக்கும் ஸ்பிரிங் இணைப்பு) இருந்தால் டக் என்று ஓசை வர வேண்டும்: அதன் ஸ்பிரிங் சுருண்டு, சுழலியைப் பிடித்து வைத்து, ஒரே வீச்சில் விடுகிறது. கை வேகத்தில் போதாத பொறியைப் பலமாக்குவதும், எஞ்சின் பின்னோக்கி உதைக்காதபடி தாமதப்படுத்துவதும் இந்த வீச்சுதான். ஓசை இல்லையென்றால் பழைய எண்ணெய் பிசினாகி உள்ளிருக்கும் கொக்கியைப் பிடித்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, துளி மெல்லிய எண்ணெய் விட்டால் அசையத் தொடங்கும்.