அனாமலி: முரண்பாடா, விலகலா?

கோடை பிறந்தால் போதும், ‘கொங்குப் பகுதியில் வெப்பநிலை முரண்பாடு அதிகரித்துள்ளது’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். யாருக்கும் யாருக்கும் முரண்பாடு? ஈரோட்டுக்கும் கரூருக்கும் வாய்க்கால் தகராறா?

இப்படி மொழிபெயர்க்கப்படும் ஆங்கில மூலச்சொல் அனாமலி (anomaly). (ஆனைமலைக்கும் இதற்கும் ஒட்டுறவு இல்லை.) கிரேக்கத்தில் ‘ஹோமலோஸ்’ என்றால் சமமானது, முன்னால் ‘அன்’ சேர்ந்தால் மேடுபள்ளமானது. அவ்வளவுதான். வானிலைக்காரர்களுக்கு இதன் பொருள் ஒன்றே: ஓர் ஊரின் நீண்டகாலச் சராசரியைவிட எத்தனை டிகிரி கூட, எத்தனை டிகிரி குறைவு. அந்தச் சராசரிக்கு இப்போது 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுகளை எடுக்கிறார்கள்.

வால்பாறை 1,000 மீட்டருக்கு மேலே. ஈரோடு 200 மீட்டருக்குக் கீழே. கோவைக்கோ பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மூன்றின் வெயிலையும் நேருக்கு நேர் வைத்தால் இடத்தின் வாகுதான் தெரியும், மாற்றம் தெரியாது. ஒவ்வோர் ஊரையும் அதன் பழைய சராசரியோடு ஒப்பிட்டால்தான் எது சூடேறி வருகிறது என்று பிடிபடும்.

இன்னொரு கூட்டம் ‘ஒழுங்கின்மை’ என்கிறது. அது இதைவிட மோசம். சட்டம் என்று பொருள்படும் ‘நோமோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாக நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஒரு சிற்றூர் பத்தாண்டுக்குப் பத்தாண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் அதில் என்ன ஒழுங்கின்மை? படு ஒழுங்காக அல்லவா ஏறுகிறது! சராசரியை அப்படியே தொட்ட ஆண்டுக்குப் ‘பூச்சியம் டிகிரி ஒழுங்கின்மை’ என்று எழுதிப் பாருங்கள். ‘பிறழ்வு’ என்றாலோ குற்றச் சாயல் ஒட்டிக்கொள்கிறது. வழக்கத்தைவிட அரை டிகிரி குளிர்ந்துவிட்ட மார்கழி என்ன பாவம் செய்தது?

என் ஓட்டு ‘விலகல்’. இந்திய வானிலை ஆய்வுத் துறையே தன் அறிக்கைகளில் இயல்பிலிருந்து விலகிய அளவு என்றுதான் ஆங்கிலத்தில் குறிக்கிறது. பத்தாம் வகுப்புப் புள்ளியியலில் ‘திட்ட விலக்கம்’ கணக்குப் போட்ட பிள்ளைக்கும் புரியும். அப்படியானால் ‘விலக்கம்’ என்றே வைக்கலாமே என்பார்கள். அது ஏற்கெனவே வேறொரு கணக்குக்குத் தாலி கட்டிய சொல்.

கட்டுரைக்குத்தான் விலகல். செய்தி வாசிக்க அதுகூட வேண்டாம். காங்கேயத்தில் ‘எப்பவும் அடிக்கறதவிட ரெண்டு டிகிரி சாஸ்திங்க’ என்பதை ‘வழக்கத்தைவிட 2 டிகிரி கூடுதல்’ என்று எழுதினால் முடிந்தது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதைப் பிய்த்து ஒட்டுகிறவர்களுக்கு இது தோன்றாது. கருவி வைத்து ஐந்து வருஷம்கூட ஆகாத ஊருக்கு ‘வரலாறு காணாத வெயில்’ என்று தலைப்புப் போடுகிறவர்களும் இவர்கள்தான். நீண்டகாலப் பதிவு இல்லாத ஊருக்கு இயல்பு என்ற சராசரியை நம்பிப் போட முடியாது, எதிலிருந்து விலகுவது?