திருகுவதற்கு முன் ஒரு கோடு போடுங்கள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் ஜவுளிக்கடைப் பையில் ஷார்ட்வேவில் பேசும் ஒரு ஹெச்.எஃப். வயர்லெஸ் செட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். மூடி தனி, ஸ்பீக்கர் தனி, திருகாணிகள் ஒரு தீப்பெட்டிக்குள்.

"ரிசீவிங் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு சார். அதான் உள்ள லேசா அட்ஜஸ்ட் பண்ணிப் பார்த்தேன்."

"எத்தனை இடத்துல தம்பி திருகுன?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "திருகுற மாதிரி இருந்த எல்லாத்தையும் சார்."

அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. இரண்டு ஐ.எஃப். (இடைநிலை அலைவரிசை) காயில்களில், டியூன் செய்யத் திருகுகிற ஃபெரைட் கோர் உள்ளேயே உடைந்திருந்தது. இரும்பு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் அது சாக்பீஸ் மாதிரி பொடிந்துவிடும். குரலைப் பிரித்தெடுக்க உதவும் கேரியர் ஆசிலேட்டர் இடம் மாறியிருந்ததால் யார் பேசினாலும் சளி பிடித்த குரல். எல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் அவர் பயன்படுத்தும் ஆண்டெனா கேபிளையும் எடுத்துவரச் சொன்னேன். பிளக்கின் நடுக் கம்பி ஈயம் பிடிக்காமல் சும்மா தொட்டுக்கொண்டு நின்றது. ரிசீவிங் குறைந்ததற்கு அதுதான் காரணம். ஐந்து நிமிட வேலை.

வயர்லெஸ் செட் பழுது பார்ப்பது என் தொழில். உரிமம் வாங்கிச் சொந்த வயர்லெஸ்ஸில் பேசும் ஹாம் ரேடியோ என் பொழுதுபோக்கு. இரண்டும் ஒரே மேசையில் நடப்பதால் எனக்கு நன்றாகத் தெரியும்: தானாகக் கெட்டு வருகிற ஹாம் செட்டுகளைவிட, கை வைத்துக் கெட்டு வருபவைதான் அதிகம். கண்டதையெல்லாம் திருகுகிறவருக்கு ஹாம்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'தங்க ஸ்க்ரூடிரைவர்'. நானும் ஒரு காலத்தில் அந்தப் பட்டம் வாங்கியவன்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

செட்டைத் திறக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சொந்தக் கையால் கட்டவும் மாற்றவும் பரிசோதிக்கவும் அனுமதிப்பதுதான் இந்த உரிமத்தின் அழகே. நான் கேட்பது ஒன்றுதான். திருகுவதற்கு முன் அளந்தீர்களா? திருகிய பிறகு எதை வைத்து அளக்கப் போகிறீர்கள்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் மூடியை மூடிவிடுங்கள்.

ரிசீவரில் இருந்து தொடங்குவோம். "கேட்பது குறைகிறது" என்று தோன்றினால் முதலில் ஆண்டெனாவைக் கழற்றுங்கள், பிறகு மாட்டுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் ஆண்டெனாவை மாட்டியதும் இரைச்சல் நன்றாக ஏறினால் ரிசீவரின் உணர்திறன் போதும் என்று பொருள். காற்றில் இருக்கும் இரைச்சலையே அது கேட்கிறது. அதற்குமேல் எந்தக் கோரைத் திருகினாலும் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். இரைச்சல் ஏறவில்லையா? அப்போதும் காயில் பக்கம் போகாதீர்கள். கேபிள், பிளக், ஆண்டெனா ரிலேயின் கரி பிடித்த முனை, இவற்றைப் பாருங்கள். பத்துக்கு எட்டு தடவை வில்லன் அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. அந்த முள்ளுக்கென்று தனியாக ஒரு ப்ரீசெட் (திருகி மாற்றும் சிறு ரெசிஸ்டர்) இருக்கும். அதைத் திருகினால் எல்லாச் சிக்னலும் ஒன்பதுக்கு மேல் காட்டும். மனத்துக்கு நிம்மதியாக இருக்கும், காதுக்கு ஒரு மாற்றமும் இருக்காது.

வேண்டிய பட்டையை மட்டும் உள்ளே விடும் முன்பக்க பேண்ட்பாஸ் காயில்கள் வேறு ரகம். தொழிற்சாலையில் அவற்றை வேண்டுமென்றே சற்று முன்னும் பின்னுமாக டியூன் செய்திருப்பார்கள், பட்டை முழுவதும் ஒரே மாதிரி கேட்கட்டும் என்று. நாம் ஒரு ஸ்டேஷனை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் உச்சத்துக்குத் திருகினால் அந்த இடம் மட்டும் பிரமாதமாக இருக்கும், ஓரங்கள் செத்துப்போகும். கட்டாயம் திருகத்தான் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் டியூனிங் குச்சியை எடுங்கள். மெல்லிய மார்க்கர் பேனாவால் கோருக்கும் கூட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். செல்போனில் ஒரு படம் எடுங்கள். ஒன்றைத் திருகி, பலன் இல்லையென்றால் கோட்டுக்குத் திருப்பிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

ஃப்ரீக்வென்சி சரியா என்று பார்க்கக் கடையில் விலை உயர்ந்த மீட்டர் வாங்க வேண்டியதில்லை. 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் பி.பி.எம். நேர ஒலிபரப்பு இரவில் இங்கே கேட்கும். அதோடு ஜீரோ பீட் செய்து, அதாவது இரண்டுக்கும் இடையே கேட்கும் விசில் மறையும்வரை பொருத்திப் பாருங்கள். பத்து ஹெர்ட்ஸ் பிழை என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை. 144 மெகாஹெர்ட்ஸில் அதுவே 144 ஹெர்ட்ஸாக நிற்கும்.

கை அரிக்கிறதா? அதற்கு நல்ல மருந்து ஒரு பழைய ஷார்ட்வேவ் ரேடியோ. 41 மீட்டர் பட்டையின் கீழ் முனை 7.2 மெகாஹெர்ட்ஸ், நம் நாட்டில் ஹாம்களுக்கான 40 மீட்டர் பட்டை 7.0 முதல் 7.2 வரை. அதாவது பக்கத்து வீடு. ஆசிலேட்டர் ட்ரிம்மரைக் கொஞ்சம் இழுத்தால் ஹாம்கள் எஸ்.எஸ்.பி. முறையில் பேசும் குரல்கள் வாத்துக் கத்துவது போல வந்துவிடும். பழுதான ரேடியோவிலிருந்து எடுத்த ஒரு ஐ.எஃப். காயிலையும் ஒரு டிரான்ஸிஸ்டரையும் வைத்து, ரேடியோவின் ஐ.எஃப்.பான 455 கிலோஹெர்ட்ஸில் பி.எஃப்.ஓ. என்கிற சிறு ஆசிலேட்டர் ஒன்றைக் கட்டிப் பக்கத்தில் வைத்தால் வாத்து மனிதராகும். 7.1-இல் கேட்க ஆசிலேட்டர் 7.555-இல் ஓட வேண்டும், அப்போது 8.01-இல் இருக்கிற ஏதோ ஒரு ஸ்டேஷனும் பின்கதவு வழியாக நுழையும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், இந்த ரேடியோக்கள் வேலை செய்யும் சூப்பர்ஹெட் முறையில் பாதிப் பாடம் முடிந்துவிடும். பேட்டரியில் ஓடுவதால் ஷாக் இல்லை. கெட்டாலும் பெரிய நஷ்டமில்லை. கேட்பது மட்டும் என்பதால் யாருக்கும் தொந்தரவும் இல்லை.

டிரான்ஸ்மிட் பக்கம் அப்படியில்லை. அங்கே நம் தவறு அடுத்தவர் வீட்டில் கேட்கும்.

இனி என் கதை. ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற, சொந்தக் கையால் கட்டும் செட் நம் நாட்டு ஹாம்களுக்குக் கிடைத்த வரம். முதல் வடிவத்தில் காயில் சுற்றத் தண்ணீர்க் குழாய் வாஷரைப் பயன்படுத்தச் சொன்ன மனிதர் அவர். அதன் 40 மீட்டர் போர்டு 12 வோல்ட்டில் சுமார் 7 வாட் தரும். கடைசிக் கட்டத்தில் ஒரே ஓர் ஐ.ஆர்.எஃப். 510 மாஸ்ஃபெட் (ஒரு வகை பவர் டிரான்ஸிஸ்டர்). அந்தக் கட்டத்துக்கு மட்டும் தனியாக 24 வோல்ட் கொடுக்கலாம் என்று தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய ஹீட்சிங்க் மாட்டினேன். அந்த மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடு வோல்டேஜ் வரும் டிரெயின் முனையோடு இணைந்தது, ஆகவே இடையில் மின்சாரம் கடத்தாத மைக்கா வைக்க வேண்டும். வைத்தேன். ஆனால் திருகாணித் துளையின் பிசிறு மைக்காவைக் கிழித்திருந்ததைப் பார்க்கவில்லை. மீட்டரை வைத்து ஒரு தடவை ஓம்ஸ் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஃப்யூஸ் போய்விட்டதென்று முந்தின வாரம் நானே செம்புக் கம்பி வைத்துக் கட்டியிருந்தேன். சுவிட்சைப் போட்டதும் சோக் காயில் சிவந்து, போர்டில் ஒரு விரலகலம் கருகிப்போனது. தொழில்காரன் செய்கிற வேலையா இது என்று வீட்டில் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்றும் பதிலில்லை.

இவ்வளவு பாடும் எதற்கு? 7 வாட் 20 வாட்டானாலும் ஏற்றம் நாலரை டெசிபல்தான். எதிர்முனையில் எஸ்-மீட்டர் ஒரு கோடு ஏற ஆறு டெசிபல் வேண்டும், அதாவது நான்கு மடங்கு பவர். 100 வாட் செட்டில், பவரைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.எல்.சி. ப்ரீசெட்டைத் திருகி 130 வாட் எடுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அது ஒரு டெசிபலுக்குச் சற்று மேல். எதிரில் கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. தெரிவது பக்கத்து ஃப்ரீக்வென்சியில் இருப்பவருக்கு. மூன்று கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்க வேண்டிய குரல் இரு பக்கமும் கரகரவென்று சிதறும். அதே உழைப்பில் ஆண்டெனாவைச் சில மீட்டர் உயர்த்திக் கட்டியிருந்தால் பேசவும் கேட்கவும் சேர்த்து ஆதாயம் கிடைத்திருக்கும்.

மாஸ்ஃபெட் மாற்றினால், சும்மா இருக்கும்போது அதில் ஓடும் கரண்டைத் தீர்மானிக்கும் பயாஸ் ப்ரீசெட்டைப் பழைய இடத்தில் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஐ.ஆர்.எஃப். 510-உம் இரண்டு முதல் நான்கு வோல்ட்டுக்குள் எங்கோ ஓரிடத்தில் விழித்துக்கொள்ளும். ப்ரீசெட்டைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, ஆம்மீட்டரைத் தொடராக வைத்து, மைக்கில் பேசாமல் பி.டி.டி.யை (பேசும் பொத்தானை) அழுத்தி, கரண்ட் 100 மில்லிஆம்ப் ஏறும்வரை மட்டும் மெதுவாகத் திருகுங்கள்.

இதையெல்லாம் ஆண்டெனாவில் செய்யாதீர்கள், அதற்குப் பதிலாகப் பவரை வாங்கி வெப்பமாக்கும் டம்மி லோடில் செய்யுங்கள். இரண்டு வாட், ஒரு கிலோஓம் கார்பன் ரெசிஸ்டர் இருபது. எல்லாவற்றையும் பேரலலாகச் சேர்த்தால் 50 ஓம், 40 வாட். சென்னைக்காரர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மாலையில் வாங்கிவிடலாம். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் மட்டும் வேண்டாம், அது ஆர்.எஃப்.க்கு (ரேடியோ அலைக்கு) ஒரு காயில். லோடின் குறுக்கே ஒரு டயோடும் கண்டன்சரும் வைத்து உச்ச வோல்டேஜை அளந்து, அதன் வர்க்கத்தை நூறால் வகுத்தால் வாட். 30 வோல்ட் என்றால் 9 வாட். இதைச் செய்து வைத்திருப்பவர் ஆயிரம் ரூபாய்க்குக் கடைசிக் கட்ட டிரான்ஸிஸ்டர் மாற்ற என்னிடம் வருவது அபூர்வம்.

பவரை ஏற்றும்போது, மேல் அலைவரிசைகளைத் தடுக்கக் கடைசியில் இருக்கும் லோபாஸ் ஃபில்டரையும் நினைத்துப் பாருங்கள். 7 மெகாஹெர்ட்ஸ் செட் அதன் இரண்டு, மூன்று மடங்கான 14-லும் 21-லும் நிழல் விடும். 10 வாட் செட்டில் அந்த நிழல் 50 டெசிபல் கீழே, அதாவது 0.1 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபில்டர் காயில்களில் ஒரு சுற்றுக் குறைந்தாலும் இந்தக் கணக்கு உதைக்கும்.

மைக் பிளக் பற்றிச் சுருக்கமாக: எட்டு முள் என்பதால் எல்லாம் ஒன்றல்ல. ஐகாமில் இரண்டாம் முள்ளில் 8 வோல்ட் வரும், கென்வுட்டில் அதே முள் பி.டி.டி. மாற்றி மாட்டிவிட்டுச் செட்டைக் குறை சொல்லாதீர்கள்.

இப்போது நான் கறாராக மறுக்கும் வேலைக்கு வருகிறேன். "போர்டுல ஒரு டயோடை எடுத்துட்டா எல்லா ஃப்ரீக்வென்சிலயும் டிரான்ஸ்மிட் ஆகுமாமே சார், செஞ்சு தர்றீங்களா?" என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். இங்கே இரண்டு மீட்டர் பட்டை 144 முதல் 146 வரை. அதற்குக் கீழே 118 முதல் 137 வரை விமானங்கள் பேசுகின்றன, 121.5 அவர்களுடைய அவசர அலைவரிசை. மேலே 156.8 கடலின் பதினாறாம் சானல். நாகப்பட்டினத்திலோ ராமேஸ்வரத்திலோ படகில் போகிறவர் ஆபத்தில் கூப்பிடும் இடம். தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்தினாலும் அங்கே ஒருவருடைய குரலின்மேல் நாம் ஏறி உட்காருகிறோம். நம் உரிமம் ஹாம் பட்டைக்கு மட்டும்தான். உரிமமின்றி வயர்லெஸ் வைத்திருப்பதையே 1933-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் இதில் இளகவில்லை. "கேட்க மட்டும்தான் சார்" என்பார்கள். கேட்பதற்கு அந்த டயோடை எடுக்க வேண்டியதே இல்லை.

கடைசியாக, உயிர் விஷயம். பழைய வால்வு செட்டுகள் இப்போது மறுபடி கை மாறுகின்றன. யேசு எஃப்.டி. 101-இன் உள்ளே 600 வோல்ட், கென்வுட் டி.எஸ். 520-இல் 800. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது தங்கும். அதை வடிக்க வைத்த பிளீடர் ரெசிஸ்டர் நாற்பது ஐம்பது வருடத்தில் அறுந்திருந்தால் எவ்வளவு நேரம் தங்கும் என்று சொல்ல முடியாது. காத்திருங்கள், மீட்டரால் அளங்கள், பத்து வாட் ரெசிஸ்டர் வழியாக வடியுங்கள், மறுபடி அளங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து 'டப்' என்று சத்தம் கேட்பது வீரமில்லை. இடது கை சட்டைப்பையில் இருக்கட்டும்.

வால்வைக் கண்டு பயப்படுகிறவர்கள்கூடக் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். சப்ளையைக் கண்டு பயப்படுவதில்லை. அதன் 12 வோல்ட்டை நம் செட்டுக்கு வேண்டிய 13.8 ஆக்க அதைத் திறக்காதவர் நம்மில் யார்? 230 வோல்ட் ஏசி உள்ளே 325 வோல்ட் டிசியாக நிற்கிறது. சில போர்டுகளில் ஹீட்சிங்க்கே அதைச் சுமந்திருக்கும். பாதுகாப்புச் சுற்றைத் துண்டித்துவிட்டு வோல்டேஜை ஏற்றும் குறுக்குவழி ஒன்று உண்டு. அப்படி மாற்றிய ஒரு சப்ளை கட்டுப்பாட்டை இழந்து, ஒரு நண்பரின் செட்டைக் கொன்றதை நான் திறந்து பார்த்திருக்கிறேன். சால்டரிங் அயர்னும் இரண்டு முள் பிளக்காக இருந்தால் நுனியில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். மினுக்கினால் அதை மாஸ்ஃபெட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அந்த மாணவர் போன ஞாயிறு மறுபடி வந்தார். கையில் டம்மி லோடு, பழைய பால்பவுடர் டப்பாவுக்குள் வைத்துக் கட்டியது. அளந்தோம், 51 ஓம். கூடவே ஒரு நோட்டு: செட்டின் பெயர், தேதி, திருகுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று கட்டம் கட்டிக் கோடு போட்டிருந்தார். கட்டங்கள் இன்னும் காலி.

உங்கள் செட்டும் என் மேசைக்கு வர நேர்ந்தால் கேபிளையும் மைக்கையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். எதைத் திருகினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். திட்ட மாட்டேன். மூன்று மாலை மிச்சமாகும்.