அம்மா பெயரில் வீடு இருக்கிறது, மாதக் கட்டணத்துக்குப் பணம் இல்லை

படுத்த படுக்கையான பெற்றோரை நர்சிங் வசதியுள்ள முதியோர் இல்லத்தில் சேர்த்த பிறகுதான் பல குடும்பங்கள் கணக்குப் போட உட்காருகின்றன. மருத்துவக் காப்பீடு இதற்குக் கைகொடுக்காது. அது ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்கும் வைத்தியத்துக்கானது. வருடக்கணக்கில் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, டயப்பர் மாற்றும் பராமரிப்புக்கு வராது. மிஞ்சுவது அவர் பெயரில் உள்ள வீடு. அந்த வீடு முதலில் அவருக்குத்தான் சோறு போட வேண்டும். பிள்ளைகளின் பங்கெல்லாம் பிறகு.

வீட்டை என்ன செய்வது என்று பேசுவதற்கு முன், அவருக்குப் புத்தித் தெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எல்லா வழியும் திறந்திருக்கும். மருத்துவரிடம் சான்று வாங்கிக்கொண்டு, செய்ய வேண்டிய பத்திரங்களை உடனே முடியுங்கள். நடமாட முடியாதவர் என்றால், மனுக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வருவார்.

டிமென்ஷியா முற்றிவிட்டால் நிலைமை வேறு. "பவர் பத்திரம் பதிவு செய்து வைத்திருக்கிறோமே" என்பார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201-இன்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால், தன் சார்பில் செயல்பட அவர் கொடுத்த பவர் முடிந்துபோகும். அதை வைத்து விற்றால் பின்னாளில் கிரயமே செல்லாமல் போகலாம். விரலைப் பிடித்து மையில் ஒற்றிக் கைரேகை எடுத்துவிடலாம் என்ற யோசனை இன்னும் ஆபத்து. எழுதிக் கொடுப்பவருக்குச் சித்தசுவாதீனம் இல்லை என்று தெரிந்தால் சார்பதிவாளர் பதிவை மறுத்தே ஆக வேண்டும். அவர் கண்ணுக்குத் தப்பினாலும், மனத்தாங்கலில் இருக்கும் ஒரு வாரிசு வழக்குப் போட அது போதும்.

அந்த நிலையில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டுப் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டியிருக்கும். கோமாவில் இருந்த ஒருவரின் மனைவிக்கு, கணவரின் சொத்தை விற்க 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி அனுமதி தந்தது. கூடவே, 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போடச் சொன்னது. மருத்துவ அறிக்கை, சொத்து விவரம், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தயாராக இருந்தால் வேலை சுலபமாகும்.

வங்கிகள் தரும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் பற்றி அடிக்கடிக் கேட்கிறார்கள். 60 வயதானவர் தன் வீட்டை அடமானமாக வைத்து, அதிகபட்சம் 20 ஆண்டுகள் மாதாமாதம் பணம் வாங்கலாம். ஆனால் அது அவர் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். தொடர்ந்து ஓராண்டு அங்கே வசிக்காவிட்டால் வங்கி கடனைத் திருப்பிக் கேட்கலாம். எனவே வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் இது சரி. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாங்கிய கடனாக இருந்து, ஒருவர் வீட்டிலேயே தங்கினால் பிரச்சினை இல்லை.

விற்பதென்றால், வரும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 வரும். இல்லத்தின் கட்டணம் 40,000 என்று வைத்துக்கொண்டால் பாதிக்குச் சற்றே கூடுதல்தான். மிச்சத்தை வேறு வைப்புத்தொகையிலிருந்து முதலைத் தொட்டுத்தான் எடுக்க வேண்டும். கட்டணம் வருடா வருடம் ஏறும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியைக் கழித்த தொகையைத்தான் கையிருப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோரிடம் நாங்கள் மன்றாடிக் கேட்பது ஒன்று உண்டு. "நீயே பார்த்துக்கொள்" என்று வீட்டை ஒரு பிள்ளைக்கு செட்டில்மென்ட் (உரிமையை இப்போதே மாற்றித் தரும் பத்திரம்) எழுதிவிடாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், பராமரிக்கும் நிபந்தனையையும், ஆயுள் வரை உங்களுக்குள்ள அனுபவ உரிமையையும் பத்திரத்திலேயே சேருங்கள். நிபந்தனை இருந்து பிள்ளை கைவிட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23-இன்கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். பத்திரத்தில் அந்த வரி இல்லாததால் அலைந்தவர்கள் ஏராளம். உயில் எழுதினால் கடைசிவரை வீடு உங்களுடையதே.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சொந்தச் சொத்திலிருந்தும் வருமானத்திலிருந்தும் தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாதவர்தான் ஜீவனாம்சம் கேட்க முடியும். நல்ல விலை போகும் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும். பிள்ளைகள் இல்லாதவர் என்றால், அவர் சொத்து யாருக்கு வாரிசுரிமையில் போகுமோ அந்த உறவினர்களும் பராமரிக்கக் கடமைப்பட்டவர்கள்.

வீடு விற்கும் வரை ஒரு பிள்ளை கைப்பணம் போடுவதுண்டு. அதை ரொக்கமாகக் கொடுக்காமல், இல்லத்தின் கணக்குக்கு நேராக வங்கி மூலம் அனுப்பி, ரசீதைத் தன் பெயரில் வாங்கிக்கொள்ள வேண்டும். "இது கடன், வீடு விற்றதும் கழித்துக்கொள்ளலாம்" என்று அம்மா தெளிவாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி, அவரும் மற்றப் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டுவிட்டால், பங்கு பிரிக்கும் நாளில் வாய்ச்சண்டைக்கு இடமிருக்காது.