லைசென்ஸ் துப்பாக்கி இடுப்பில் இருக்கும்போது பங்காளிச் சண்டைக்குப் போகாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு வளவு வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு நடந்தது. சத்தம் கூடியதும் அறுபது வயதுக்காரர் ஒருவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். சட்டை மேலேறி, இடுப்பில் இருந்த துப்பாக்கி உறை தெரிந்துவிட்டது. அதன் மேல் அவர் கையைக்கூட வைக்கவில்லை. 'துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்' என்று அன்று சாயங்காலமே புகார் போனது. கொஞ்ச நாளில் லைசென்ஸும் நிறுத்தப்பட்டது. அவருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன்.

2016 ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் துப்பாக்கி உறைக்குள் முழுவதும் மூடியபடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கல்யாணம், திருவிழா, ஊர்வலம் எங்கும் எடுத்துக் காட்டவோ சுடவோ கூடாது. கொண்டாட்டம் என்று பிறர் உயிருக்கு ஆபத்தாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸில் உள்ள நிபந்தனைகளை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கிளம்பும்போது துப்பாக்கி வீட்டுப் பெட்டியில் பூட்டிக் கிடக்கட்டும்.

'தற்காப்புக்குத்தானே லைசென்ஸ் கொடுத்தார்கள்' என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சரி, ஆனால் போலீசை அழைக்க நேரம் இருந்தால் தற்காப்பு உரிமையே கிடையாது. தேவைக்கு மேல் காயப்படுத்தவும் முடியாது. வரப்புத் தகராறோ, கோயில் முதல் மரியாதையோ, 'நீ ஆம்பளையா' என்ற கேள்வியோ இதில் சேராது. ஆகவே துப்பாக்கி இருக்கிறவர்தான் முதலில் எழுந்து வெளியே வர வேண்டும். 'அண்ணே, நாளைக்குப் பேசுவோம்' என்று சொன்னால் போதும். மது இருக்கிற விருந்துக்கு அதை எடுத்துப் போகவே வேண்டாம்.

புகார் வந்துவிட்டால் அலைச்சல் தொடங்கும். பொது அமைதிக்குத் தேவை என்று கருதினால், தீர்ப்பு வரும் முன்பே கலெக்டர் லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம். ஸ்டேஷனில் கேட்டால் சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்குப் போகச் சொல்வார்கள், சிவகங்கையில் போலீஸ் அறிக்கை வரவில்லை என்பார்கள். நாங்கள் நான்கு முறை பஸ் ஏறினோம். 'ஃபைல் மேலே இருக்கிறது' என்ற பதில்தான் கிடைத்தது. வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். காரணத்தோடு எழுத்து மூலமான உத்தரவு கேளுங்கள், ஆயுதச் சட்டம் 17ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு, அதனால் உத்தரவு கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள், தபால் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே லைசென்ஸை ரத்து செய்யப் போதுமான காரணம் இல்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. மனுவில் அதைச் சேருங்கள்.

துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் குறித்த ரசீது வாங்காமல் வரவே கூடாது. எங்கள் ஆள் 'அப்புறம் வாங்கிக்கலாம்' என்று வந்துவிட்டார். அந்தச் சீட்டுக்கே தனியாக ஒரு மனு எழுத வேண்டியதாயிற்று.