டீத்தூளை மட்டும் சந்தேகப்பட்டால் போதாது

உணவியல் ஆலோசகராக, என்னிடம் வருகிறவர்களிடம் ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறார்கள், என்னென்ன குடிக்கிறார்கள் என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்வேன். டீ என்று சொன்ன கையோடு பலரும் கேட்பது ஒன்றுதான்: "டீத்தூளில் கெமிக்கல் கலக்கிறார்களாமே, நிறுத்திவிட்டு மூலிகை டீக்கு மாறிவிடலாமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் சந்தேகம் முழுவதும் தூளின் மேலேயே போய்விடுகிறது. அதை எதில் ஊறவைக்கிறோம், எதில் ஊற்றிக் குடிக்கிறோம், அதற்குப் பதிலாக எதை வாங்குகிறோம் என்பதெல்லாம் பேச்சில் வருவதே இல்லை.

முதலில் தூளையே பார்ப்போம். ஏற்கெனவே கொதிக்கவைத்த இலையைக் காயவைத்து, செயற்கைச் சாயம் ஏற்றி மறுபடி விற்பது பழைய மோசடி. இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். சற்றுப் பொறுத்துத் தூளைத் தட்டிவிட்டு, தாளைக் குழாய்த் தண்ணீரில் அலசி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாயம் கலந்திருந்தால் அழுத்தமான கறை தங்கிவிடும். நல்ல தூளாக இருந்தால் கறை இருக்காது.

பூச்சிக்கொல்லி விஷயத்தில் இப்படி எந்த வீட்டுச் சோதனையும் கிடையாது. டிடிடி போன்ற பழைய மருந்துகள் தண்ணீரில் எளிதில் கரையாதவை. இலையில் இருந்தாலும் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். இமிடாகுளோப்ரிட், தயாமெத்தாக்சம் போன்றவை நன்றாகக் கரைகிறவை, அதனால் வடித்த டீயிலும் இறங்கிவிடும். பறித்த இலையைக் கழுவாமல்தான் வாட்டி, அரைத்து, உலர்த்துகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். தயாரித்தவர் பெயரும் தொகுதி எண்ணும் இல்லாத உதிரித் தூளை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான். ஒரு புகார் வந்தால் பின்தொடர்ந்து போக அங்கே எந்தத் தடமும் இருக்காது.

அடுத்தது பையும் கோப்பையும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் பிளாஸ்டிக் டீ பைகளை 95 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். ஒரே பையிலிருந்து சுமார் 1,160 கோடி நுண்துகள்களும், அவற்றைவிடச் சிறிய நானோ துகள்கள் சுமார் 310 கோடியும் வெளியேறியதாகக் கணக்கிட்டார்கள். இந்த எண்ணிக்கை மிகையோ என்ற விவாதம் விஞ்ஞானிகளிடையே உண்டு. துகள்கள் உடலில் என்ன செய்கின்றன என்பதும் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் தவிர்ப்பது இவ்வளவு சுலபமாக இருக்கும்போது, முடிவு தெரியும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன? தயாரித்தவர் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள பாக்கெட் தூளும் எவர்சில்வர் வடிகட்டியும் போதுமே. பேப்பர் கப்பும் வெறும் காகிதம் இல்லை, உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் அதில் இருந்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் கலக்கின்றன என்று ஐஐடி கரக்பூர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வேலை செய்யும் இடத்தில் ஒரு கண்ணாடி அல்லது பீங்கான் கோப்பையை வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டையும் கவனியுங்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. கொஞ்சம் ஆறவிட்டால் போதும்.

சரி, மூலிகை டீக்கு வருவோம். என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. அறுவடையில் சில களைச்செடிகள் கலந்துவிட்டால், கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் மூலிகை டீயில் சேர்ந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்றே உச்சவரம்பு விதித்திருக்கிறது. அதிமதுரத்தைத் தினமும் நிறையக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். கிரீன் டீயைக் கோப்பையில் குடிப்பது வேறு, அதன் சாற்றைச் செறிவாக்கிய மாத்திரையை விழுங்குவது வேறு. அந்த மாத்திரைகள் வழியாக, கிரீன் டீயில் இயற்கையாகவே உள்ள ஈஜிசிஜி என்ற பொருள் ஒரு நாளில் 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ உடலுக்குள் போனால் கல்லீரல் பாதிப்புக்கான அறிகுறிகள் தெரிகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

'எடை குறைக்கும் டீ'யைத் தயவுசெய்து தொடாதீர்கள். பலவற்றில் இருப்பது சென்னா, அதாவது நிலாவாரை. அது பேதி மருந்து. குறைவது உடலின் நீர்தான், கொழுப்பு அல்ல. எடை குறைப்பதாகச் சொல்லி விற்கும் சில பொருள்களில் லேபிளில் சொல்லாமலே சிபுட்ராமின் கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பலமுறை கண்டறிந்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக 2010-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட மருந்து அது. மறைந்திருக்கும் ரசாயனம் என்று பயப்பட வேண்டுமானால் இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

மாற்று வேண்டும் என்கிறவர்களுக்கு இஞ்சி, புதினா, எலுமிச்சைப்புல் இவற்றைக் கண்ணால் பார்த்து வாங்கி, கழுவி, வீட்டிலேயே கொதிக்கவைக்கச் சொல்வேன். ஒரே மூலிகையைத் தினமும் குடிக்காமல் மாற்றி மாற்றிக் குடிப்பது நல்லது. கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் எந்த மூலிகை டீயையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. ரத்தசோகையோடு வருகிறவர்களில் பலர், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குவதாகவோ, சாப்பிட்டதும் டீ குடிப்பதாகவோ சொல்கிறார்கள். தேயிலையில் இயற்கையாகவே உள்ள பாலிபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு, உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. எந்தக் கலப்படமும் இல்லாத, மிகத் தரமான தேயிலையும் இதைச் செய்யும். டீயை நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குங்கள். மாத்திரைக்கும் டீக்கும் நடுவே, சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.