முதல் மிடறில் சுளுக்குத் தைலம்

நியூயார்க்கின் பழைய யூத டெலி, அதாவது இறைச்சி சாண்ட்விச் கடை, ஒன்றில் பாஸ்ட்ராமி சாண்ட்விச் கேட்டிருந்தேன். பாஸ்ட்ராமி என்பது மிளகு பூசிப் புகையூட்டிய மாட்டிறைச்சி. கூடவே, கடையிலேயே தயாரித்த ரூட் பீர் வந்தது. பெயரில்தான் பீர், உண்மையில் வேர் மணம் ஏற்றிய இனிப்பு சோடா. கனமான கண்ணாடிக் குவளை, மேலே இரண்டு விரல் உயரத்துக்கு இளம்பழுப்பு நுரை. முதல் மிடறை விழுங்கியதும் நினைவுக்கு வந்தது, சிறுவயதில் கால் பிசகியபோது பாட்டி சூடுபறக்கத் தேய்த்துவிட்ட தைலம்தான். பக்கத்து மேசைச் சிறுவன் அதே பானத்தை வாயெடுக்காமல் குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது மிட்டாய், எனக்கு மருந்து.

இருவர் மூக்கையும் தொட்டது ஒரே மூலக்கூறு. அதன் பெயர் மீத்தைல் சாலிசிலேட். வட அமெரிக்கக் காடுகளில் தரையோடு படர்ந்து வளரும் விண்டர்கிரீன் செடியின் இலையிலும், ஸ்வீட் பிர்ச் மரத்தின் பட்டையிலும் இது கிடைக்கிறது. கசக்காத விண்டர்கிரீன் இலையில் பெரிதாக மணம் இருக்காது. மூலக்கூறு அங்கே சர்க்கரையோடு பிணைந்து அடங்கிக் கிடக்கிறது. இலையைக் கசக்கினால் செல்கள் உடைந்து, நொதி வந்து அந்தப் பிணைப்பை வெட்டிவிடும். மறுகணம் மணம் எழும். வலி நிவாரணத் தைலங்கள் பலவற்றில் சேர்க்கப்படுவதும் இதே பொருள்தான். ஆகவே என் மூக்கு ஏமாறவில்லை.

மணம் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் பெரும்பாலும் பழக்கத்தால் வருவது என்பதற்கு விண்டர்கிரீனைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. 1960களில் பிரிட்டனில் நடந்த ஆய்வில் மக்கள் இந்த மணத்துக்கு மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். 1970களில் அமெரிக்காவில் கேட்டபோது அது மிகவும் பிடித்த மணங்களில் ஒன்றாக நின்றது. பிரிட்டிஷ்காரர்கள் அதை வலித் தைலத்தில் அறிந்திருந்தார்கள், அமெரிக்கர்கள் சூயிங் கம்மில் அறிந்திருந்தார்கள். இந்த விஷயத்தில் நாம் பிரிட்டிஷ்காரர்கள் பக்கம்.

ஆனால் ரூட் பீரின் மூல மணம் விண்டர்கிரீன் அல்ல, சாசஃப்ராஸ் மரத்தின் வேர்ப்பட்டை. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த சார்ல்ஸ் ஹையர்ஸ் என்ற மருந்தாளர், 1876இல் அந்நகரில் நடந்த அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டுக் கண்காட்சியில் இந்தப் பானத்தை மக்கள் முன் வைத்தார். வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ள வேர்களும் மூலிகைகளும் அடங்கிய பொட்டலங்களையும் விற்றார். 25 சென்ட் பொட்டலம் ஒன்றில் ஐந்து கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் தயாரிக்கலாம். 'வேர்த் தேநீர்' என்று பெயர் வைக்க நினைத்தவர், சுரங்கத் தொழிலாளர்கள் தேநீரை நாடமாட்டார்கள் என்று நண்பர் சொன்னதால் 'பீர்' ஆக்கினார் என்று சொல்லப்படுகிறது.

சாசஃப்ராஸ் எண்ணெயில் பெரும்பகுதி சஃப்ரோல் என்ற பொருள். அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது எலிகளுக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. கல்லீரல் அதைச் சிதைக்கும்போது உருவாகும் துணைப்பொருள்கள் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்வதே காரணம். 1960இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஜாதிக்காயிலும் மிளகிலும் சஃப்ரோல் இயற்கையாகவே சிறிதளவு இருக்கிறது. என் தட்டிலிருந்த பாஸ்ட்ராமியின் கரிய மிளகு மேலோட்டிலும் அதன் துளி இருந்திருக்கும். தடை, தனியாகச் சேர்ப்பதற்குத்தான்.

எனவே இன்று ரூட் பீர் தயாரிப்பவர்கள் பெரும்பாலும், தங்கள் கைக்கு எட்டாத ஒரு மணத்தை வேறு பொருள்களால் கட்டியெழுப்புகிறார்கள். டெலிக்காரரிடம் கேட்டேன். சார்சபரில்லா வேர், பிர்ச் பட்டை, அன்னாசிப்பூ, அதிமதுரம், வனிலா, கரும்புச் சர்க்கரைப் பாகின் கசண்டு என்று விரல் விட்டு எண்ணினார். அன்னாசிப்பூவைச் சேர்ப்பதில் வேதியியல் நியாயம் இருக்கிறது. அதன் மணப்பொருளான அனெத்தோல், மூலக்கூறு வடிவில் சஃப்ரோலுக்கு நெருங்கிய உறவு. சாசஃப்ராஸ் விட்டுப்போன இடத்தை அது ஓரளவு நிரப்புகிறது.

சார்சபரில்லா என்றதும் எனக்கு நன்னாரி நினைவு வந்தது. ஆங்கிலேயர்கள் நன்னாரிக்கு 'இந்தியச் சார்சபரில்லா' என்றே பெயரிட்டார்கள். தாவரவியல்படி இரண்டுக்கும் உறவில்லை. நன்னாரி எருக்கின் குடும்பம், அமெரிக்கச் சார்சபரில்லா முள் நிறைந்த வேறொரு கொடி. நன்னாரி வேரின் நறுமணம், வனிலாவின் மணப்பொருளான வனிலினோடு ஒரே எண்ணிக்கை அணுக்கள் கொண்ட மூலக்கூறிலிருந்து வருகிறது. அணுக்கள் அமர்ந்த இடம் மட்டும் வேறு. மூன்றாவது மிடறில் எனக்கு ரூட் பீர் பிடிக்கத் தொடங்கியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தைலத்துக்கு அடியில் வனிலாவும் வேரும் கலந்த அந்த மென்மையை என் நாக்கு நன்னாரி சர்பத்தில் ஏற்கெனவே சந்தித்திருந்தது.

அடுத்து நுரை. சாதாரண சோடாவின் நுரை பொங்கிய வேகத்திலேயே அடங்கிவிடும். ரூட் பீரின் நுரை நின்று பேசும். காரணம் சப்போனின். பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நுரைப்பது எதனாலோ, அதே வகைப் பொருள். இதன் மூலக்கூறில் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை நீரை விட்டு விலகும். குமிழியின் சுவரில் இவை வரிசையாக நின்று, சுவர் மெலிந்து உடையாமல் தாங்குகின்றன. சார்சபரில்லா வேரிலேயே சப்போனின் உண்டு. போதாததற்கு, சிலி நாட்டுக் குவில்லாயா மரப்பட்டையின் சாறும் பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. எண்ணெய்ப் பசைதான் இந்தச் சுவருக்குப் பகை. பாஸ்ட்ராமி கொழுப்பு ஒட்டிய என் உதடு பட்ட இடத்தில் மட்டும் நுரை பிறை வடிவில் கரைந்து, கீழே கரும்பழுப்பு நீர் தெரிந்தது.

வாயு ஏற்ற இரண்டு வழிகள். ஹையர்ஸ் காலத்து வழி ஈஸ்ட். சர்க்கரைநீரில் ஈஸ்டைப் போட்டு இறுக்கி மூடினால், அது சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் ஏறத்தாழ சம எடையில் வெளியிடும். ஒரு லிட்டரில் 10 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால், சுமார் 5 கிராம் வாயு கிடைக்கும். பானம் நன்றாகச் சுறுசுறுக்க அது போதும். கூடவே 5 கிராம் ஆல்கஹாலும் வந்துவிடும், கன அளவில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல். சரியான நேரத்தில் குளிரில் வைத்து ஈஸ்டை அடக்காவிட்டால் பாட்டிலே வெடிக்கும். 1895இல் மதுவிலக்குச் சங்கப் பெண்கள் இந்தப் பானத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். மூன்றாண்டுகள் கழித்து ஆய்வகச் சோதனையில், ஒரு பாட்டிலில் இருப்பது அரை ரொட்டியில் உள்ள அளவு ஆல்கஹால்தான் என்று தெரிந்த பிறகே எதிர்ப்பு ஓய்ந்தது.

நான் போன டெலியில் வழி எளிது. வேர்ப்பாகைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, கேட்கும்போது குளிர்ந்த செல்ட்சர் சோடாவை ஊற்றுகிறார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் நியூயார்க் வாழ்க்கையில் செல்ட்சருக்கு நீண்ட இடம் உண்டு. கோஷர் எனும் யூத உணவு விதிப்படி இறைச்சியோடு பால் கலக்கக் கூடாது. கொழுத்த இறைச்சிக்குத் துணையாகப் பால் சேராத பானம் வேண்டும், சோடா அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அமெரிக்கா முழுக்க ரூட் பீரின் மேல் வனிலா ஐஸ்கிரீம் மிதக்கவிடுவது வழக்கம். கேட்டுப் பார்த்தேன். "இது இறைச்சிக் கடை" என்று டெலிக்காரர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

சோடாவின் குத்தல் குமிழிகள் வெடிப்பதால் வருவதில்லை. குமிழியே உருவாக முடியாத உயர் அழுத்த அறையில் குடித்தவர்களுக்கும் அந்தக் குத்தல் இருந்தது. கரியமில வாயு வாயின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. வலியுணரும் நரம்புகள் அதைக் குத்தலாக அறிகின்றன. புளிப்பை உணரும் செல்களின் மேல் இருக்கும் ஒரு நொதி இந்த மாற்றத்தை விரைவுபடுத்துகிறது என்று 2009இல் கண்டறிந்தார்கள். உயரம் ஏறுவோர் மலைநோய்க்காக உண்ணும் அசிட்டசோலமைடு மாத்திரை இவ்வகை நொதியை முடக்குகிறது. அதை விழுங்கிவிட்டு பீர் குடித்தவர்களுக்கு, பீர் ருசியற்றுப்போனது இதனால்தான்.

சாண்ட்விச் பெரியது. பேசிக்கொண்டே தின்று முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. குவளையின் அடியில் இரண்டு மிடறு மிஞ்சியிருந்தது. நுரை போயிருந்தது, வாயுவும் போயிருந்தது. அதைக் குடித்துப் பார்த்தேன். அமிலம் விலகியதும் அதுவரை அடங்கியிருந்த சர்க்கரை திகட்டலாக மேலே வந்தது. வனிலா எங்கோ மங்கிவிட்டிருந்தது. பாட்டியின் தைலம் மட்டும் குறையாமல் இருந்தது.