நல்கை: ‘கிராண்ட்’ என்பதற்கு உரிய தமிழ்ச் சொல்

பெங்களூரு அல்சூரின் பழைய தெருக்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய நாங்கள் சிலர் கூடி, ‘இப்பணிக்கு மானியம் கிடைத்துள்ளது’ என்று ஓர் அறிவிப்பை ஒட்டினோம். அதைப் படித்த பாட்டி ஒருவர், “மானியம்னா கேஸுக்கு பேங்க்ல போடுவாங்களே, அதுவா தம்பி? ஆதார் கார்டு எடுத்துட்டு வரணுமா?” என்று கேட்டார். அவர் சொல்லைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார். நாங்கள்தான் அதைத் தவறாகத் தேர்ந்திருந்தோம்.

மானியம் வடமொழியின் ‘மான்ய’ என்பதிலிருந்து வந்தது. மதிப்பிற்குரியது என்பது அதன் பொருள். கோயிலுக்கும் கற்றோருக்கும் வரி நீக்கி விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் சர்வமானியம் என்று குறித்தன. சட்டமன்றத்தின் மானியக் கோரிக்கையிலும், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் பெயரிலும் அச்சொல் ‘கிராண்ட்’ என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. ஆனால் மக்கள் பேச்சில் இன்று மானியம் என்றால் உர மானியம், எரிவாயு மானியம், அதாவது விலையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்ளும் ‘சப்சிடி’ மட்டுமே. தன்மையில் வேறான இரண்டை ஒரே சொல் சுமக்கிறது.

‘கிராண்ட்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர், நம்புதல் என்னும் பொருளுடைய ‘கிரெதெரே’ என்ற இலத்தீன் வினை. ‘கிரெடிட்’ பிறந்ததும் அவ்வேரிலிருந்தே. கடனைத் திருப்பித் தர வேண்டும். நன்கொடைக்குப் பெரும்பாலும் நன்றி சொன்னால் போதும். நல்கையோ, திருப்பித் தர வேண்டாததாயினும், குறித்த நோக்கத்துக்கே செலவிடப்பட வேண்டியது. அரசு நிதி பெறும் அமைப்புகள் ஆண்டுக் கணக்கோடு பயன்பாட்டுச் சான்றிதழும் அளிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றே நிலத்தில் ஒரு பங்கை ஒதுக்குகிறது. சாக்கைக் கூத்து ஆடுவோருக்கு விடப்பட்ட நிலம் சாக்கைக்காணி எனப்பட்டது. ஊரார் கூடிக் கேட்கவும் காணவும் ஒரு கலை நிகழ வேண்டும், அதற்கு ஒருவர் பொருள் ஒதுக்க வேண்டும், பெற்றவர் அதைச் செய்தே தீர வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை, மனிதப் பண்பாட்டுத் துறைகளை மக்களிடம் கொண்டுசெல்லும் இன்றைய நிதித்திட்டங்களின் முன்னோடி என்றே நான் கருதுகிறேன். பெங்களூரிலேயே இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்னும் அமைப்பு, நகரின் அஞ்சல் குறியீட்டு எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் பெயரில் கொண்ட ‘புராஜெக்ட் 560’ வழியாக, இந்நகரின் பகுதிகளைப் பற்றிய ஆய்வுக்கும் கலைப்பணிக்கும் நிதி அளித்துள்ளது.

காணியும் பங்கும் நிலத்தோடு பிணைந்தவை. பணத்துக்கு அவை பொருந்தா. கொடை, வள்ளலின் பெருமையை முன்னிறுத்துகிறது. உதவித்தொகை மாணவருக்கானது என்று வழக்கில் உறுதிப்பட்டுவிட்டது. எஞ்சுவது நல்கை. ‘நசை பெரிது உடையர் நல்கலும் நல்குவர்’ என்று குறுந்தொகையின் 37ஆம் பாடலில் தலைவனைப் பற்றித் தோழி சொல்லும்போது, நல்குதல் அன்பு கலந்த அளித்தலாகிறது. வேண்டியவருக்கு மனமுவந்து ஒன்றைத் தருதல் என்ற இப்பொருளோடு நம்பிக்கையும் இயல்பாகவே ஒட்டிக்கொள்கிறது. பல்கலைக்கழக நல்கைக் குழு என்ற சொல்லாட்சி கல்விப்புலத்தில் ஏற்கெனவே உண்டு. பணத்தைத் தெளிவாகச் சுட்ட வேண்டிய இடத்தில் நிதிநல்கை என்றும் எழுதுகிறார்கள்.

பிற சொற்களை ஆக்கவும் இது இடம் தருகிறது: தருபவர் நல்குநர், பெறுபவர் நல்கை பெறுநர், நாம் திரட்டும் தொகைக்கு ஈடாகத் தரப்படுவது இணைநல்கை. அல்சூர் அறிவிப்பை இப்போது, ‘இத்தெருவின் வரலாற்றைப் பதிவு செய்ய நிதிநல்கை கிடைத்துள்ளது, உங்கள் நினைவுகளையும் பழைய புகைப்படங்களையும் கொண்டு வாருங்கள், அட்டை எதுவும் வேண்டாம்’ என்று மாற்றி எழுதியிருக்கிறோம்.